ஜான் நியூட்டன்: நாற்பது ஆண்டுகளில் கனிந்த விசுவாசம்

கடவுளை அறிந்துகொண்டேன் என்று ஒருவர் அறிக்கையிடும் நாளும், அவ்வறிவு அவருடைய நடக்கையிலும் தொழிலிலும் விளங்கித் தோன்றும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக அமைவதில்லை. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட பயணமே ஆவிக்குரிய வளர்ச்சி. அப்பயணம் எத்துணை நெடியது என்பதை அறிய விரும்பும் இளைஞர்கள், ஆங்கில நாட்டுப் போதகர் ஜான் நியூட்டனின் வரலாற்றைப் பயிலுதல் வேண்டும்.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். தாயார் எலிசபெத் அம்மையார் பக்தி மிக்கவர். மகனுக்கு இளமையிலேயே திருமறையையும் ஞானப்பாடல்களையும் கற்பித்தார். மகன் போதகனாக வேண்டுமென்பது அவருடைய ஆவல். ஆனால், மகனுக்கு ஏழு வயது நிறையும் முன்னரே அவ்வம்மையார் மறைந்தார். பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளோடு நின்றது. பதினோராம் வயதில் தந்தையாருடன் கடலேறினார்.

1744இல் அவர் கடற்படைக்கு வலுவில் பிடித்துச் செல்லப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். பின்னர், அடிமை வாணிகக் கப்பல் ஒன்றுக்கு மாறி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகர் ஒருவரிடம் பணிக்கு அமர்ந்தார். அங்கே கடும் காய்ச்சலும் பசியும் அவரை வாட்டின. அந்நாளில், சங்கிலியில் பூட்டப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் தங்களுக்கு அளக்கப்பட்ட சிற்றுணவில் ஒரு பங்கை எவரும் காணாதவாறு அவருக்கு அளித்தனர். இந்நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. அத்துன்பத்தின் நடுவிலும் யூக்ளிடின் வடிவக் கணித நூலை அவர் கைவிடவில்லை. கடற்கரை மணலில் குச்சியால் கோடுகள் வரைந்து, ஆசிரியர் இன்றியே அதனைக் கற்றார்.

1748 மார்ச்சு மாதத்தில், தாயகம் திரும்பும் வழியில், அவர் ஏறிவந்த கப்பல் கொடும் புயலில் சிக்கியது. நீரை இறைத்து இறைத்துக் களைத்த நிலையில், நெடுங்காலம் இகழ்ந்து வந்த இறைவனை அவர் உள்ளம் நாடியது. உயிர் பிழைத்தார். அந்நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

ஆயினும், மனந்திரும்பிய அவர் எத்தொழிலுக்குச் சென்றார்? மீண்டும் அடிமை வாணிகத்திற்கே சென்றார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலின் தலைவராகவே பணிபுரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் இரும்பு விலங்குகளில் கிடந்தனர். கலகம் செய்யத் திட்டமிட்டதாக ஐயுற்றுச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக் கருவியால் நெரிக்கவும் செய்தார். தமக்கு உணவளித்தவர்களின் இனத்தாரையே விற்றார். மேலே எழுந்த வேண்டுதலுக்கும் கீழே எழுந்த அழுகுரலுக்கும் இடையேயுள்ள முரண்பாட்டை அவர் அன்று உணரவில்லை. அவருடைய விசுவாசம் பொய்யன்று. ஆனால் அது குழந்தைப் பருவத்து விசுவாசம். அவ்வாறு கூறுவதனால், கீழ்த்தளத்தில் மாண்டோரின் துயரம் ஒரு சிறிதும் குறைந்துவிடாது.

1754இல் திடீரென வந்த நோயே அவரைக் கடற்பயணத்தினின்றும் விலக்கியது, மனச்சான்று அன்று. லிவர்பூல் துறைமுகத்தில் சுங்கப் பணியில் இருந்துகொண்டே கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் தம் முயற்சியால் கற்றார். குருப்பட்டம் வேண்டி 1758 முதல் முயன்று, 1764இல் அதனைப் பெற்று, ஆல்னி என்னும் சிற்றூரில் ஏழை எளியோரிடையே ஊழியம் செய்தார். கவிஞர் வில்லியம் கூப்பருடன் இணைந்து அவர் வெளியிட்ட 348 பாடல்கள் கொண்ட தொகுதி 1779இல் வெளிவந்தது. அமேசிங் கிரேஸ் என்று உலகெங்கும் அறியப்படும் பாடல் 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டுக்காக அவர் இயற்றியது. கிருபையைப் பாடிய அந்நாளிலும், அடிமை வாணிகத்திற்கு எதிராக ஒரு சொல்லேனும் அவர் வெளிப்படையாகக் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

1780இல் அவர் இலண்டன் நகரத் திருச்சபைக்கு மாற்றம் பெற்றார். 1785இல் வில்லியம் வில்பர்போர்சு என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர், அரசியலைத் துறக்கலாமா என்னும் ஐயத்தோடு அவரை நாடி வந்தார். பாராளுமன்றத்தில் இருந்தே இறைவனுக்குப் பணிசெய்யுமாறு நியூட்டன் அவரைத் தேற்றி அனுப்பினார். 1787இல் அடிமை வாணிக ஒழிப்புக் குழு இலண்டனில் தோன்றியது. மறு ஆண்டு, தம் அறுபத்திரண்டாம் வயதில், அவ்வாணிகத்தின் கொடுமைகளை விவரித்து நியூட்டன் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தாம் கண்டவற்றை மட்டுமன்றித் தாம் செய்தவற்றையும் மறைக்காது எழுதினார். தம் அறிக்கை காலங்கடந்து வருவதை ஒப்புக்கொண்டு நாணினார். அரசின் விசாரணையிலும் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையிலும் சாட்சி பகர்ந்தார். புயல் வீசிய 1748க்கும் இந்நூல் வெளிவந்த 1788க்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

விடுதலை இவரைப் போன்றோர் அளித்த கொடை என்று எண்ணுதல் தவறு. அடிமையாக இருந்து தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற ஒலாடா ஈக்வியானோ 1789இல் தம் வரலாற்றை எழுதி, ஆங்கில மக்களின் மனச்சான்றைத் தட்டியெழுப்பினார். ஒடுக்கப்பட்டோரின் குரலும் ஒடுக்கியவரின் அறிக்கையும் சேர்ந்தே நாட்டை அசைத்தன. 1807 மார்ச்சு மாதத்தில் பிரிட்டன் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் ஒழித்தது. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், பார்வை மங்கிய முதுமையில், நியூட்டன் காலமானார்.

இளைஞர்களே! ஆவிக்குரிய முதிர்ச்சியை, ஒருவர் பாடும் பாடல்களாலோ அவர் வகிக்கும் பதவியாலோ அளத்தல் இயலாது. விலங்கிடப்பட்டவனைத் தன் உடன்பிறந்தானாகக் கண்டுகொள்வதும், தன் பிழையைப் பலர் அறிய ஒப்புக்கொள்வதும், இயன்றவரை அதனைத் திருத்த உழைப்பதுமே அதன் அடையாளங்கள். இப்படிப்பினை நம்மை ஒடுக்கியவர்களுக்கு மட்டும் உரியதன்று. இக்கழகத்தின் துணையால் கல்வி பெற்று மேல்தளத்திற்கு ஏறிவரும் நமக்கும் உரியது. கீழ்த்தளத்தில் இன்னும் இருக்கும் நம் மக்களின் குரல் நம் செவியில் விழுவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகாதிருப்பதாக.