தபால் தலை தந்த ஆசிரியர்

நம் குழந்தைகள் ஆவலுடன் சேர்த்து வைக்கும் தபால் தலை, ஏழை எளியவரின் மனக்குறையைத் தீர்க்கப் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

1795-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கிட்டர்மின்ஸ்டர் என்னும் ஊரில் ரோலண்டு ஹில் பிறந்தார். தந்தையார் நடத்திய பள்ளியில் இளமையிலேயே ஆசிரியரானார். அந்நாளில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர். தூரமும் தாள்களின் எண்ணிக்கையும் கூடக்கூடக் கட்டணமும் ஏறியது. கையில் காசில்லாதோர், பெற்ற பிள்ளையின் கடிதத்தையும் பிரிக்காமலே திருப்பியனுப்ப நேர்ந்தது.

ஹில் கணக்கிட்டுப் பார்த்தார். கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு சொற்பமே. கட்டணத்தைக் கணித்து வீடுதோறும் வசூலிப்பதற்கே செலவு மிகுதி எனக் கண்டார். உள்நாட்டில் எத்தொலைவாயினும் அரை அவுன்சுக்கு 1 பென்னி, அதுவும் முன்னதாகவே செலுத்துவது என்னும் திட்டத்தை 1837-இல் நூலாக வெளியிட்டார். அஞ்சல் அதிகாரிகள் எதிர்த்தனர்; வணிகரும் பொதுமக்களும் ஆதரித்தனர். 1840 மே 6-ஆம் நாள், விக்டோரியா அரசியின் உருவந்தாங்கிய கறுப்புத் தலை வழக்கிற்கு வந்தது. அவ்வாண்டில் கடிதங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகின.

ஆயினும் 1842-இல் அவர் பதவியிழந்தார். மனந்தளராத அவர், 1846-இல் மீண்டும் அழைக்கப்பெற்று, 1854-இல் அஞ்சல் துறைச் செயலாளரானார். அதே ஆண்டில் நம் நாட்டிலும் தூரபேதமற்ற அரையணாக் கட்டணம் ஏற்பட்டது. 1879-இல் அவர் மறைந்தார்.

ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களைப் பெட்டியில் காத்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவற்றின் மூலையில் ஒட்டிய தலையைக் குழந்தைகளுக்குக் காட்டி, இவ்வாசிரியரின் பெயரையும் சொல்லி வைப்போமாக.