யானைக்கால் நோய்க்கு மாத்திரை தந்த மேதை



எங்கள் வாணியம்பாடிக்கும் பக்கத்து ஊரான ஆம்பூருக்கும் பெயர் வாங்கித் தந்தது தோல் தொழில். பச்சைத் தோலை அப்படியே போட்டு வைத்தால் இரண்டொரு நாளில் அழுகி நாற்றம் எடுத்துவிடும். அந்தக் காலத்தில் அதை ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊற வைத்துப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. அழுக வேண்டிய தோல் பல ஆண்டுகள் உழைக்கும் செருப்பாக மாறிவிடுகிறது. ஒரு பொருளோடு இன்னொரு பொருள் சேரும்போது நடக்கும் இந்த மாற்றத்தைப் பற்றிப் படிப்பதுதான் வேதியியல்.

உயிருள்ள உடம்புக்குள்ளும் இதுபோன்ற மாற்றங்கள் நொடிக்கு நொடி நடந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படிப்பது உயிர்வேதியியல். அந்தப் படிப்பின் துணையோடு, மனிதரின் இரத்தத்தில் திரியும் புழுவை ஒழிக்க மாத்திரை கண்டவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் நம் சென்னையில் படித்த ஒரு மருத்துவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய மருந்தை விழுங்கியிருப்பார்கள்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. சிறு வயதில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்கள். தாயார் மிகவும் கண்டிப்பானவர்.

அப்படியும் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி அடைந்தார். பிறகு சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முறை எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர வேண்டும் என்பது அப்போது அவருடைய ஆசை. மடத்தில் இருந்தவர்களோ, மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யும்படி வழி காட்டினார்கள். அதனால் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் பண உதவி செய்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியைத் தள்ளச் சொன்ன காலம். சுப்பாராவ் கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. உடுத்திய துணிக்காக அவர் கொடுத்த விலை அது.

இந்தச் சமயத்தில் அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு குடல் நோய் உண்டு. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் சேர்ந்து ஆளையே உருக்கிவிடும். இந்த நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியானார்கள். பிறகு சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதி அவரைக் குணப்படுத்தினார். அந்த நன்றியோடு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சில காலம் வேலை பார்த்தார்.

இந்த நோய் ஏன் வருகிறது, இதற்கு என்ன மருந்து என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. வெப்ப நாடுகளில் வரும் நோய்களைப் பற்றி மேலும் படிக்க அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். மாமனாரோடு காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் பயணத்துக்குக் கை கொடுத்தது. கருவுற்றிருந்த மனைவி சேஷகிரியிடம் விரைவில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை. பிறந்த ஆண் குழந்தை, தந்தை முகம் பார்க்காமலேயே சில மாதங்களில் இறந்துபோனது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எல்.எம்.எஸ். சான்றிதழுக்கு மதிப்பு இல்லை. மருத்துவராக வேலை பார்க்க முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனை ஒன்றில் இரவு நேர வேலைக்குச் சேர்ந்து நோயாளிகளின் மலக்கிண்ணங்களைக் கழுவினார். பகலில் படிப்பு, இரவில் இந்த வேலை. எந்த வேலையையும் அவர் கேவலமாக நினைக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் அதே பல்கலைக்கழகத்தில் பிஸ்கே என்ற பேராசிரியரிடம் உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்தார். நம் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. அதைத் துல்லியமாக அளக்க இருவரும் 1925இல் ஒரு வழி கண்டார்கள். சில வேதிப்பொருட்களைச் சேர்த்தால் கரைசல் நீல நிறம் ஆகும். பாஸ்பரஸ் அதிகம் இருந்தால் நீலம் அடர்த்தியாக இருக்கும். குறைவாக இருந்தால் வெளிறி இருக்கும். நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்! பிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகம் முழுவதும் சோதனைச் சாலைகளில் இது பரவியது.

நீங்கள் ஓடுகிறீர்கள், குதிக்கிறீர்கள். அதற்குத் தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இதே முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்ற அறிஞரும் அதைத் தனியே கண்டுபிடித்தார். உடம்பில் எந்த வேலை நடக்க வேண்டுமானாலும் செலவாகும் காசு போன்றது ஏ.டி.பி. அதில் உள்ள பாஸ்பேட் பிரியும்போது ஆற்றல் கிடைக்கிறது. யானைக்கும் எறும்புக்கும், ஏன், கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும்கூட இதுதான் காசு!

1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு இயக்குநர் ஆனார். அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் சோதனைச் சாலையிலேயே தயாரித்துக் காட்டியது. அந்த மருந்து எந்த நோயைக் குணப்படுத்தியது தெரியுமா? அவருடைய சகோதரர்களைப் பறித்துக்கொண்ட அதே ஸ்ப்ரூ நோயை! இரண்டு பேரும் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் பிறகு அந்த நோயில் விழுந்த எத்தனையோ பேர் எழுந்து நடந்தார்கள். இன்று கர்ப்பிணித் தாய்மார்களுக்கும், பள்ளியில் வாரம் ஒரு முறை மாணவியருக்கும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இந்தப் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது.

இனி யானைக்கால் கதைக்கு வருவோம்.

ஒரு கால் மட்டும் யானைக்கால் போல வீங்கி, நடக்க முடியாமல் அவதிப்படும் பெரியவர்களை நம் ஊர்ப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். சிலர் அவர்களைக் கேலி செய்வார்கள். அது பெரும் பாவம். அவர்களுக்கு வந்தது கொசு கொண்டுவந்த நோய். நூல் போல மெல்லிய புழு ஒன்று நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடியேறி, பல ஆண்டுகள் உயிர் வாழும். பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது போடும் குட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. பகலில் அவை நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்துக்கு வரும். ஏன் இரவில்? அந்த நேரத்தில்தான் கியூலெக்ஸ் கொசு கடிக்க வரும்! அதனால்தான் சுகாதாரத் துறையினர் இந்த நோயைக் கண்டறிய இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். கொசுவின் உடம்பில் இந்தப் புழுக்குட்டிகள் வளர்வதை 1877இல் சீனாவில் பேட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் கண்டார்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. மருந்துதான் கிடைக்கவில்லை. காரணம் என்ன? புழுவும் ஓர் உயிர், மனிதனும் ஓர் உயிர். இரண்டு பேருக்கும் ஏ.டி.பி.தான் காசு. புழுவுக்கு நஞ்சாக இருப்பது பெரும்பாலும் மனிதனுக்கும் நஞ்சாகிவிடுகிறது. வயலில் களையைப் பிடுங்கும்போது நெற்பயிர் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? ஒட்டுண்ணிக்கு மருந்து தேடுவதும் அப்படித்தான். அதுவரை ஆர்செனிக், ஆன்டிமனி கலந்த மருந்துகளை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நோயாளிக்குத் தொல்லைதான் மிஞ்சியது.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நோய்க்கு ஆளானார்கள். அதனால் மருந்து தேடும் வேலை வேகம் பிடித்தது. சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹெவிட் முதலிய அறிஞர்கள் இதில் இறங்கினார்கள். மனிதரைத் தாக்கும் புழுவைச் சோதனைச் சாலையில் வளர்ப்பது கடினம். பருத்தி எலி என்ற ஒருவகை எலிக்கு அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புழு இயற்கையாகவே வரும். அந்த எலிகளுக்கு மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரத்தத்தில் புழுக்குட்டிகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று சரிப்படாவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. இப்படிப் பொறுமையாகத் தேடிக் கண்டதுதான் டைஎத்தில்கார்பமசின். சுருக்கமாக டி.இ.சி. ஹெட்ரசான் என்ற பெயரில் அந்த நிறுவனம் அதை வெளியிட்டது. 1947இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் இருந்த புழுக்குட்டிகள் வேகமாகக் குறைந்தன. ஊசி வேண்டாம், மாத்திரையை விழுங்கினால் போதும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. சோதனைக் குழாயில் புழுக்குட்டிகள் மீது இந்த மருந்தை ஊற்றினால் அவை எளிதில் சாவதில்லை. உடம்புக்குள் போனால் மட்டும் மறைகின்றன. மருந்து புழுவைக் காட்டிக் கொடுக்கிறது, நம் உடம்பின் காவல் அணுக்கள் அதைப் பிடித்து அழிக்கின்றன என்கிறார்கள் அறிவியலாளர்கள்.

மருந்து நல்லது என்றாலும், வீங்கி முற்றிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. நோய் முற்றுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். புழு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அவர்களைக் கடித்த கொசுதான் மற்றவர்களுக்கும் பரப்புகிறது. அதனால்தான் ஊரில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1996இல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி, பிறகு வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் அது பரவியது. வாணியம்பாடி அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லாரும் சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். எனக்குத்தான் நோய் இல்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அந்த ஒருவர் உடம்பில் புழு இருந்தால் தெரு முழுவதற்கும் ஆபத்து அல்லவா?

சீனாவில் இதே மருந்தை உப்பில் கலந்தும் கொடுத்தார்கள். 2007இல் அந்த நாடு யானைக்கால் நோய்ப் பிரச்சினையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2016இல் இலங்கைக்கும் அந்தப் பெருமை கிடைத்தது. நம் நாட்டில் இந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் டி.இ.சி.தான் அதில் முக்கிய ஆயுதம்.

புற்றுநோய்க்குப் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தும், ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் சுப்பாராவ் வழிநடத்திய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவையே. இவ்வளவு செய்தும் அவர் புகழைத் தேடி ஓடவில்லை. பெருமையைக் கூட வேலை செய்தவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். நோபல் பரிசும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரை அமெரிக்கக் குடிமகன் ஆகவும் இல்லை. 1948 ஆகஸ்ட் மாதம், நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தபோது, தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53தான். அவருடைய நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அவர் படம் போட்ட அஞ்சல்தலையை வெளியிட்டது.

குழந்தைகளே! இரண்டு முறை தேர்வில் தோற்ற சிறுவன்தான் உலகத்துக்கே மருந்து தந்தான். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மனம் உடைந்து போகாதீர்கள். உங்கள் தெருச் சாக்கடையிலும் வீட்டைச் சுற்றியும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கியூலெக்ஸ் கொசு பெருகுவது அங்கேதான். சுகாதாரப் பணியாளர் மாத்திரை கொண்டுவந்தால் அவர் சொல்கிறபடி விழுங்குங்கள். கால் வீங்கிய பெரியவரைக் கண்டால் கேலி பேசாமல், கை கொடுத்து உதவுங்கள். சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுதான்!