ருக்மிணி தேவி அத்தையின் பள்ளிக்கூடம்

போன மாதம் பங்சாரில் நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பிலிருந்து ஒரு தாயார் தன் மகனை நிறுத்திவிட்டார். பையனுக்கு வயசு ஐந்து. பாட்டு, படம் வரைவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், கணக்குப் போடட்டும் என்பது அவர் எண்ணம். ஞாயிறு காலையில் இப்போ டியூஷன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நானும் பொறியியல் படிக்கிறவன்தான். கணக்குதான் சோறு போடும் என்று கேட்டே வளர்ந்தவன். ஆனால் அந்தப் பையன் போன நாளிலிருந்து ஓர் அம்மையாரின் வாழ்க்கை என் மனசில் ஓடிக்கிட்டே இருக்கு.

ருக்மிணி தேவி அருண்டேல். பிரிக்பீல்ட்ஸில் சலங்கை கட்டி ஆடும் பிள்ளைகளைக் கேட்டால் கலாக்ஷேத்ரா பாணி என்று ஒன்றைச் சொல்லுவாங்க. அந்தக் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர் இவர். இவரைப் பற்றிப் பேசினாலே நாம் மேடையைப் பற்றித்தான் பேசுவோம். சின்னப் பிள்ளைகளின் படிப்புக்காக அவர் செய்தது நம் கண்ணில் படுவதே இல்லை.

1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிறந்தநாள். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் எஞ்சினியர். (இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.) அம்மா சேஷம்மாளுக்குச் சங்கீதம் என்றால் உயிர். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும், குடும்பமும் கூடவே ஊர் ஊராகப் போகும். ஓய்வு பெற்றதும் அவர் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறினார். வீட்டில் பாட்டு, பக்கத்துத் தோட்டத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களும். ருக்மிணி வளர்ந்த சூழல் இதுதான்.

1920இல், பதினாறு வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். அவர் இருபத்தைந்து வயது மூத்தவர். ஊரே எதிர்த்தது. இன்றைக்கு அப்படி ஒரு கல்யாணம் நடந்தால் நாமும்கூட எதிர்ப்போம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கல்யாணம்தான் அவரை உலகம் சுற்ற வைத்தது. 1928இல் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பம்பாயில் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அதே பாவ்லோவாவும் இருந்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று வழி காட்டியவரும் பாவ்லோவாதான்.

தேடியபோது கிடைத்தது சதிர். தேவதாசி குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆட்டம். அந்தக் காலத்தில் மதிப்பான குடும்பம் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதன் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். இவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். அப்போது வயசு முப்பத்தொன்று! இங்கே ஒன்றைச் சொல்லியாகணும். அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த குலத்துப் பெண்கள் மேடையை இழந்தார்கள், மற்றவர்கள் ஏறினார்கள். இவர் சதிரை மாற்றிய விதத்தைப் பாலசரஸ்வதி அம்மையார் ஏற்கவில்லை. அந்த மனக்குறை நியாயமானது. ருக்மிணி தேவியைப் போற்றுகிறவர்களும் அதைக் கேட்டுத்தான் ஆகணும்.

முப்பது வயதில் கால் மடக்கி அரைமண்டி உட்காருவது எவ்வளவு வலி என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாமதமாகத் தொடங்கியதால்தான் பிள்ளைகள் சீக்கிரம் தொடங்கணும் என்று நினைத்தாரோ என்னவோ. இது என் ஊகம்தான். 1936 ஜனவரியில் அவர் தொடங்கிய கலைப்பள்ளி ஒரு மரத்தடியில், ஒரே ஒரு மாணவியோடு ஆரம்பமானது. அண்ணன் ஸ்ரீராமின் மகள் ராதாதான் அந்த மாணவி. 1938இல் பள்ளிக்குக் கலாக்ஷேத்ரா என்று பெயர் வந்தது. டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன் போன்ற பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ருக்மிணி தேவி டீச்சர் இல்லை, அத்தை. கடைசி வரை எல்லாருக்கும் அவர் அத்தைதான்.

இனி வருவது அதிகம் பேசப்படாத பகுதி. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். இத்தாலியில் டாக்டருக்குப் படித்தவர். 1907இல் ரோமில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்து, பாலர் கல்வியின் போக்கையே மாற்றியவர். அப்போது பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த அருண்டேலும் ருக்மிணி தேவியும் சேர்ந்து அழைத்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேர் வரை பயிற்சிக்கு உட்கார்ந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரைப் போர் பிடித்துக்கொண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளன்றுதான் மகன் திரும்பி வந்தார். அப்படியே 1946 வரை அவர்களுக்கு இந்தியாதான் வீடு.

மாண்டிசோரி முறையில் பிள்ளை எழுதுவதற்கு முன் வரைகிறது. உலோகச் சட்டத்துக்குள் பென்சிலை ஓட்டி வட்டமும் முக்கோணமும் வரைந்து, உள்ளே கலர் கோடு நிரப்புது. கை பழகிய பிறகுதான் எழுத்து. மணிகளும் உண்டு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றைத் தட்டிக் கேட்டுவிட்டு, அதே ஓசை தரும் இன்னொன்றைப் பிள்ளை காதாலேயே தேடிக் கண்டுபிடிக்கணும். சுரத்தின் பெயர் பிறகுதான் வரும். நம் ஊர்ப் பாலர் பள்ளிகளில் நான்கு வயதிலேயே பயிற்சித் தாளைக் கையில் கொடுத்துவிடுகிறோம், இல்லையா?

ருக்மிணி தேவிக்கு இது புதுசாகத் தோன்றியிருக்காது. தட்டடவை எடுத்துக்குங்க. ஒரே அடவை முதல் காலத்தில் ஆடி, அடுத்து இரண்டு மடங்கு வேகத்தில், அடுத்து நான்கு மடங்கு வேகத்தில் ஆடணும். தாளம் மட்டும் மாறக்கூடாது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டு, நான்கு என்ற பெருக்கலைக் காலால் செய்யுது. திஸ்ரம் மூன்று, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு. நான் அலைவரிசைப் பாடத்தில் முழி பிதுங்கியதை, நாட்டியம் கற்ற என் வகுப்புத் தோழி மேசையில் விரலால் தட்டிப் புரிஞ்சுக்கிட்டாள். பாட்டை நிறுத்தினால் கணக்கு வரும் என்று நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அருண்டேல் 1945இல் காலமானார். பிறகு அடையாற்று இடத்தைவிட்டுப் போக வேண்டிய நிலை வந்தது. திருவான்மியூரில் கடலோர மணல்காடு, ஏறக்குறைய நூறு ஏக்கர். அங்கே மரம் நட்டு, 1962இல் கலாக்ஷேத்ராவைக் கொண்டுபோனார். பெரியவர்களுக்கான நாட்டியக் கல்லூரியோடு அவர் நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்கான பள்ளிகளும், மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சியும், நெசவுக் கூடமும் அவருடைய திட்டத்தில் ஒன்றாகவே இருந்தன. தறிச் சத்தமும் சொல்லுக்கட்டும் கேட்கும் இடத்திலேயே பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.

மற்றதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். 1952இல் மாநிலங்களவை, அவர் பாடுபட்டு வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1977இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது வேண்டாம் என்றார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. 1986 பிப்ரவரி 24இல் மறைந்தார்.

நம் வகுப்புக்கு வருவோம். பாட்டு நேரத்தைக் குறைத்து டியூஷன் வைக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைகள் திருமுறை ஓதும் விழாவில் பதிகம் முழுவதையும் பண் பிசகாமல் பாடியதை நாம் பார்த்திருக்கோம். அதைக் கூட்டத்தில் சொல்வேன். அதற்கு முன் அந்தத் தாயாரையும் வீட்டில் போய்ப் பார்க்கணும். பையன் நன்றாகத் தாளம் போடுவான். வகுப்பில் இருக்கும் ஜால்ரா ஒரே ஒரு ஜோடி, அதற்குத்தான் பிள்ளைகளிடம் சண்டை. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒன்று சும்மா கிடந்தால், ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து கொடுங்க.