சந்திர மண்ணில் உயிரைத் தேடிய இலங்கையர்: சிரில் பொன்னம்பெரும



1969 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பலோ 11 விண்கலம் சந்திரனில் இறங்கியது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். முதலில் கால் பதித்தவர் யார் என்று கேட்டால் உடனே நீல் ஆம்ஸ்ட்ரோங் என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் அவர்கள் அள்ளி வந்த மண்ணைப் பரிசோதித்த விஞ்ஞானிகளுள் காலியில் பிறந்த ஓர் இலங்கையரும் இருந்தார் என்றால், வகுப்பில் பலர் நம்ப மறுக்கிறார்கள். அவரே பேராசிரியர் சிரில் அன்றூ பொன்னம்பெரும ஆவார்.

இவர் 1923 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி காலியில் பிறந்தார். காலி புனித அலோசியஸ் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் கல்வி பயின்றார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1948 இல் கலைமாணிப் பட்டம் பெற்றார். அவர் கற்ற பாடம் இரசாயனவியல் அல்ல, மெய்யியல். கலைப் பட்டதாரியான எனக்கு இவரது வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உயிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மெய்யியல் கேட்கிறது. அதற்கு ஆய்வுகூடத்தில் விடை தேட விரும்பிய அவர், மீண்டும் மாணவராகி லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஜே. டி. பேர்னால் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியுடன் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. 1959 இல் இரசாயனவியலில் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 35 ஐத் தாண்டியிருந்தது. உயர்தரத்தில் கலைப்பிரிவு கிடைத்துவிட்டதே என்று என்னிடம் வந்து அழும் பிள்ளைகள் இந்த வயதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன்பின் அமெரிக்காவின் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கல்வினின் கீழ் ஆய்வு செய்து 1962 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒளித்தொகுப்புப் பாடத்தில் வரும் கல்வின் வட்டத்துக்குப் பெயர் தந்தவரே இந்தக் கல்வின். அவரது குழுவினருடன் சேர்ந்து பொன்னம்பெரும ஒரு முக்கியமான பரிசோதனையைச் செய்தார். ஆதிகாலப் பூமியின் வளிமண்டலத்தில் இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்ட மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவைமீது இலத்திரன் கற்றையைச் செலுத்தியபோது அடெனின் உண்டாயிற்று. அடெனின் என்பது டீ.என்.ஏ.யில் உள்ள நான்கு மூலங்களில் ஒன்று. இம்முடிவு 1963 இல் வெளியானது. அதே ஆண்டில் அவர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் இணைந்து, இரசாயனக் கூர்ப்பு ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பானார். உயிரற்ற எளிய பொருட்களில் இருந்து உயிருக்கு வேண்டிய பொருட்கள் படிப்படியாக உருவாவதையே இரசாயனக் கூர்ப்பு என்பர்.

அப்பலோ 11 ஏறத்தாழ 21.5 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டு வந்தது. அதில் ஒரு சிறு பங்கு பொன்னம்பெருமவின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் சந்திரன் எவ்வாறு தோன்றியது என்பதிலேயே ஒருமைப்பாடு இருக்கவில்லை. சாள்ஸ் டார்வினின் மகன் ஜோர்ஜ் டார்வின் அது பூமியிலிருந்து பிய்ந்து சென்றது என்று கருதியவர். வேறிடத்தில் தோன்றிப் பூமியின் ஈர்ப்பில் அகப்பட்டது என்றனர் சிலர். பூமியோடு சேர்ந்தே உருவானது என்றனர் வேறு சிலர். எனவே அந்த மண்ணில் என்ன இருக்கும் என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை.

குழு தேடியவை அமினோ அமிலங்கள், வெல்லங்கள், கொழுப்பமிலங்கள், டீ.என்.ஏ.யின் மூலங்கள் போன்றவை. இவற்றுள் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரு கிராம் மண்ணில் 157 மைக்கிரோகிராம் காபன் மட்டுமே இருந்தது. ஒரு கிலோகிராம் மண் என்றால் ஒரு கிராமின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஓரிடத்தில் மனம் சபலப்படக்கூடிய ஒரு பொருள் தென்பட்டது. போபிரின் எனப்படும் பொருளின் மிக நுண்ணிய சுவடு அது. நமது குருதியின் ஈமோகுளோபினிலும் இலையின் பச்சையத்திலும் இருப்பது இவ்வகைப் பொருளே. சந்திரனில் உயிரின் தடயம் என்று அன்று அறிவித்திருந்தால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவர் பெயரைத் தலைப்பில் போட்டிருக்கும். உயிரின் தோற்றத்தைத் தேடுவதற்காகவே இரண்டாம் முறை பட்டம் படித்த மனிதருக்கு அந்த ஆசை எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் 1970 சனவரியில் வெளியான அறிக்கையில், அது இறங்கு கலத்தின் ரொக்கெற் புகையில் இருந்து வந்திருக்கலாம் என்றே அவரது குழு எழுதியது. அதாவது மனிதன் கொண்டுபோன அழுக்கு.

சந்திர மண் ஏன் இவ்வளவு வெறுமையாக இருந்தது? அதற்கான விடை கற்களில் இருந்தது. நாம் சிறுவயதில் முயல் என்று பார்த்த கருந்திட்டுகள் உண்மையில் பெரும் பள்ளங்களை நிரப்பிய எரிமலைக் குழம்பு. அப்பலோ 11 இறங்கிய அமைதிக் கடலும் அவற்றுள் ஒன்று. பெயர்தான் கடல், அங்கு நீர் கிடையாது. அங்கிருந்து வந்தவை 360 முதல் 390 கோடி ஆண்டுகள் பழமையான பசாற்றுப் பாறைகள். நீரின் சேர்க்கையால் உண்டாகும் களிமண் கனியங்கள் அவற்றில் இருக்கவில்லை. மண்ணில் கலந்திருந்த சிறு வெண்துணுக்குகள் இன்னொரு கதையைச் சொல்லின. ஆரம்பத்தில் சந்திரனின் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது. பாரம் குறைந்த வெண்ணிறக் கனியங்கள் பாலில் ஆடை படிவதுபோல மேலே மிதந்து இறுகின. அவையே இன்று நமக்குப் பளிச்சென்று தெரியும் மேட்டுநிலங்கள்.

இச்சான்றுகளை வைத்து 1975 இன் பின் வலுப்பெற்றதே பெருமோதல் கொள்கை. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் செவ்வாயின் அளவுடைய ஒரு கோள் இளம் பூமியுடன் மோதியது. சிதறிய பாறைக் குழம்பு திரண்டு சந்திரனாயிற்று. இரும்பின் பெரும்பகுதி பூமியுடனேயே தங்கிவிட்டது. அதனால்தான் பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.5 மடங்காக இருக்க, சந்திரனது 3.3 மடங்காக மட்டும் உள்ளது. இரண்டினதும் ஒட்சிசன் சமதானிகளின் விகிதம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. அந்த வெப்பத்தில் நீரும் எளிதில் ஆவியாகும் ஏனைய பொருட்களும் பெருமளவு போய்விட்டன. சந்திரன் முற்றிலும் வரண்டது என்று எழுதாதீர்கள். 2009 இல் இந்தியாவின் சந்திரயான் 1 தந்த தரவுகள் அங்கு சிறிதளவு நீர் உண்டு எனக் காட்டின.

அப்படியானால் உயிரின் தோற்றத்துக்கும் சந்திரனுக்கும் தொடர்பே இல்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விடை கடலில் இருக்கிறது. நாவுலயில் இருந்து கடலைப் பார்க்க நாம் திருகோணமலை வரை போகவேண்டும். போய்ப் பார்த்தாலும் வற்றுப்பெருக்கு பெரிதாகத் தெரியாது, ஏனெனில் இலங்கையைச் சுற்றி அது ஒரு மீற்றருக்கும் குறைவு. சந்திரனை நோக்கிய பக்கத்தில் அதன் ஈர்ப்பு கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் இருப்பதால் கடல் இருபுறமும் புடைக்கிறது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியனும் துணைசேர்வதால் பெருக்கு கூடும். பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பு சந்திரனுக்குச் சற்று முன்னால் இழுபட்டு, சந்திரனை முன்னோக்கி இழுக்கிறது. இதனால் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் விலகிச் செல்கிறது. பூமியின் சுழற்சியும் மெல்லக் குறைகிறது. இந்த அளவை எப்படிப் பெற்றார்கள் தெரியுமா? அப்பலோ வீரர்கள் சந்திரனில் வைத்துவந்த பிரதிபலிப்பான்கள்மீது லேசர் ஒளியைச் செலுத்தி அளந்தார்கள்.

பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆதியில் சந்திரன் மிக அருகில் இருந்தது, பெருக்கும் மிகப் பெரிதாக இருந்தது. கரையோரக் குட்டைகள் நிரம்பியும் காய்ந்தும் வந்தபோது இரசாயனப் பொருட்கள் செறிந்து ஒன்றுசேர்ந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் சிலரின் கருத்து. இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

சந்திர மண்ணில் வெறுங்கையுடன் நின்ற பொன்னம்பெருமவுக்கு விடை வானத்திலிருந்தே விழுந்தது. 1969 செப்டெம்பர் 28 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. சந்திர மண்ணுக்காக மாசின்றித் தயார்செய்யப்பட்ட ஆய்வுகூடம் கைவசம் இருந்தது. கீத் குவென்வோல்டன் முதலியோருடன் சேர்ந்து அதை ஆராய்ந்தபோது அமினோ அமிலங்கள் கிடைத்தன. இம்முறையும் அழுக்கா என்ற சந்தேகம் எழாமல் இல்லை. பூமியின் உயிர்களில் உள்ள புரதங்கள் இடக்கை அமைப்புடைய அமினோ அமிலங்களால் ஆனவை. அந்தக் கல்லிலோ இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஆகவே அவை விண்வெளியில் உருவானவை எனத் துணிந்து, 1970 டிசெம்பரில் அறிவித்தனர்.

1971 இல் அவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியரானார். 1984 இல் இலங்கை சனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பணிப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். கண்டி ஹந்தானை மலைச்சாரலில் உள்ள அந்நிறுவனம் இங்கிருந்து மாத்தளை வழியாகப் போனால் அதிக தூரமில்லை. 1994 டிசெம்பர் 20 ஆம் திகதி அமெரிக்காவில் காலமானார்.

பெனு என்ற சிறுகோளிலிருந்து நாசா விண்கலம் எடுத்த மண் 2023 செப்டெம்பரில் பூமிக்கு வந்தது. புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களுள் 14 அதில் இருந்ததாக 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. டீ.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து மூலங்களும் இருந்தன. 1963 இல் பொன்னம்பெருமவின் குடுவையில் உண்டான அடெனினும் அவற்றுள் ஒன்று.