கண்டி இராச்சியத்தில் வழிபாட்டை மீட்டெடுத்த யோசேவாஸ் அடிகளார்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் வீதியில் நாலந்தா அமைந்துள்ளது. திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் எழுந்த பௌத்த வழிபாட்டிடமான நாலந்தா கெடிகே, போவத்தென்ன நீர்த்தேக்கத் திட்டத்தின் போது கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டதை நாமறிவோம். அதே மாத்தளை மாவட்டத்தில், கலேவெலப் பக்கமாக, வஹாகோட்டே என்னும் கத்தோலிக்கக் கிராமம் இருக்கின்றது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தை நாடிப் பிற சமயத்தவரும் செல்வதுண்டு. போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனக் கருதப்படும் அம்மக்கள் சிங்களம் பேசி, கண்டிய நாட்டார் போலவே வாழ்ந்து வருகின்றனர். பௌத்த மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இம்மலைநாட்டில் கத்தோலிக்க வழிபாடு நிலைபெற்ற வரலாற்றைத் தேடுவோர் யோசேவாஸ் அடிகளாரிடமே வந்து சேர வேண்டியவராவர். அவர் மறைந்த ஜனவரி 16ஆம் திகதி, ஆண்டுதோறும் அவரது திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனோலிம் கிராமத்தில் கொங்கணி பேசும் பிராமண மரபுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், 1676இல் குருவானார். அடுத்த ஆண்டிலேயே தம்மைக் கன்னி மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் சாசனமொன்றை எழுதிக் கையொப்பமிட்டார். ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேசிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலமது. ஆகவே கோவாவின் சுதேசிக் குருக்கள் சிலர் தமக்கெனத் தனியே ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். 1685இல் அதில் இணைந்த யோசேவாஸ் அடிகளாரே அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

இலங்கையின் நிலையோ அப்போது மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் தடை செய்தனர். பிறப்பும் திருமணமும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமாயின் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையிலேயே பதியப்பட வேண்டும். பிள்ளையின் பெயரும் காணியின் உரிமையும் அந்தப் பதிவைச் சார்ந்திருந்தன. எனவே பகலில் ஒரு ஆலயத்திற்குச் சென்று, இரவில் வேறொரு மறையின் செபத்தை முணுமுணுக்கும் இரட்டை வாழ்க்கை மக்கள் மீது திணிக்கப்பட்டது. சுமார் முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. குருவைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

1687இல் யோசேவாஸ் அடிகளார் யோவான் என்னும் உதவியாளருடன் கூலியாள் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். வெள்ளைக் குருவொருவர் வந்திருந்தால் கரையிலேயே பிடிபட்டிருப்பார். அவருடைய மாநிறமே அவருக்கு அனுமதிச் சீட்டாயிற்று. வயிற்றோட்டத்தால் இருவரும் சாகும் நிலைக்கு வந்து பிழைத்தனர். பின்னர் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். அந்த மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரிடமே தாம் யாரென்று வெளிப்படுத்தினார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமானது. இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்து, விடியுமுன் திருப்பலி ஒப்புக்கொடுத்து முடிப்பார். அச்சத்தினால் விட்டுக்கொடுத்த நம்பிக்கையை மக்கள் அச்சத்தின் நடுவிலேயே மீளப் பெற்றனர் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், வழிபாட்டுக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றிவளைத்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கசையடிக்கு ஆளாயினர். அடிகளார் தப்பினார். திருநாளன்று வழிபடக் கூடியோர் தாக்கப்படுவதன் வலி இந்நாட்டுக்குப் புதியதன்று. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறும் ஏப்ரல் 21ஆம் திகதியிலேயே, அதாவது அடிகளாரின் பிறந்த நாளிலேயே வந்தது. அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டிலிருந்தோர் கொல்லப்பட்டதையும், அதன் பின் குற்றமேதுமறியாத முஸ்லிம் மக்கள் வேறு இடங்களில் வன்முறைக்கு உள்ளானதையும் நாம் மறக்க இயலாது.

யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாத நிலையில் அவர் கண்டி அரசின் ஆள்புலமான புத்தளத்துக்குச் சென்றார். போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்திய போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்துக் கிழக்கில் குடியேற்றினான். அந்த மண்ணே இப்போது கத்தோலிக்கருக்கும் புகலிடமானது. வரலாற்றின் இந்த முரண் சுவையானது எனினும், சமயங்கள் யாவும் தத்தமது அனுபவமாக நினைவிற்கொள்ள வேண்டியதொன்றாகும். ஆயினும் 1692இல் கண்டியை அடைந்த அடிகளாரை, போர்த்துக்கேய ஒற்றர் என அரசவையிலிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் கோள் சொல்ல, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிட்டான். சிறை முற்றத்தில் குடிசையொன்றைச் சிற்றாலயமாக்கி அங்கும் அவர் திருப்பலி நிறைவேற்றினார். பின்னர் கடும் வரட்சி நிலவிய வேளையில் அவர் செபிக்க மழை பொழிந்ததென்றும் அதனால் மன்னன் மனம் மாறினான் என்றும் கத்தோலிக்கர் நம்புகின்றனர்.

மழையை நம்புவோர் நம்பட்டும். நம்மை அதைவிடக் கவர்வது 1697இல் நிகழ்ந்ததாகும். கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயுற்றவர்களை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். அப்போது கோவாவிலிருந்து வந்திருந்த தம் மருமகன் கார்வாலோ அடிகளாருடன் யோசேவாஸ் அடிகளார் காட்டிலே குடில்களை அமைத்தார். கஞ்சி ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர் பார்க்கவில்லை. காலையில் அப்பத்தைப் பிட்ட கை, மாலையில் வைசூரிப் புண்ணைத் தொட்டது. ஐவேளைத் தொழுகையாயினும் ஆலய பூசையாயினும், அது முடிந்து வீதிக்கு வரும் மனிதனிடத்தே அதன் பயனைத் தேடும் மரபு நம் மக்களிடையே உண்டு. கண்டி மக்களும் அவரை அவ்வாறே மதிப்பிட்டனர். அவருக்குத் தங்குதடையின்றிப் பணியாற்றும் சுதந்திரம் கிடைத்ததும் இதன் பின்னரே.

குருமார் மிகச் சிலரே இருந்தமையால் ஓரூருக்கு அவர் ஆண்டில் ஒருமுறைதான் செல்ல முடிந்தது. ஏனைய நாட்களில் அங்கே வழிபாடு நிலைத்ததற்கு அண்ணாவிமாரும் மூப்பர்மாருமே காரணராவர். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டிச் செபஞ்சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டுவதும், நோயாளிகளைச் சந்திப்பதும், இறந்தோரை அடக்குவதும் அவர்களது கடமைகள். குரு வராத ஊரிலும் ஒரு கிழமையின் ஒழுங்கு குலையாமலிருந்தது இதனாலேயே. தமிழையும் சிங்களத்தையும் கற்று அம்மொழிகளிலேயே போதித்தவர் அவர். 1705இல் இங்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவ்வழியைத் தொடர்ந்து இரு மொழிகளிலும் நூல்கள் பலவற்றை எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் தமிழ் ஆலயங்களில் இன்றும் பாடப்படுகின்றது.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, தமது 59ஆவது வயதில் யோசேவாஸ் அடிகளார் கண்டியில் காலமானார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கண்டியில் அவரை அடக்கம் செய்த ஆலயம் பிற்காலத்தில் அழிந்துபோயிற்று. அவரது கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை.