கசெல் நகரத்து எலிசபெத் செல்பேர்ட்

ஜேர்மனியின் கசெல் நகரில் 1896இல் பிறந்த எலிசபெத் செல்பேர்ட், இரு பிள்ளைகளுக்குத் தாயான பின்னரே சட்டம் படித்தார். நாசி ஆட்சியில் கணவர் வேலையிழந்தார்; 1934இல் சட்டத்தரணியான இவரே குடும்பத்தைத் தாங்கினார்.

போருக்குப் பின் அடிப்படைச் சட்டத்தை வரைந்த 65 பேரில் பெண்கள் நால்வரே. அவர்களில் ஒருவரான செல்பேர்ட் கொண்டுவந்த, ஆணும் பெண்ணும் சம உரிமையுடையோர் என்ற வாசகம் 1948 டிசம்பரில் தோற்றது. ஊரூராகச் சென்று பெண்களிடம் எடுத்துரைத்தார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1949 ஜனவரி 18இல் அது ஏற்கப்பட்டது.

ஆனாலும் மனைவியின் வேலையுரிமை 1977 வரை குடும்பக் கடமைக்குக் கட்டுப்பட்டே இருந்தது. செல்பேர்ட் 1986இல் மறைந்தார்.

எங்கள் அம்மம்மாமார் தமது சீதனக் காணியை விற்கவும், தேசவழமைப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. இங்கு வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சொல்லிவைப்போம்.