ஜி. என். இராமச்சந்திரன்

ஜி. என். இராமச்சந்திரன் (கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன், அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) புரதங்களின் முப்பரிமாண அமைப்பை ஆராய்ந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய புரி போன்றது என்று முன்மொழிந்தவர். அமினோ அமிலத் தொடர்கள் எவ்வெவ்வாறு மடங்க இயலும் என்பதைக் காட்டும் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது.

இளமையும் கல்வியும்

எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, சி. வி. இராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1952 இல், முப்பது வயதை எட்டும் முன்னரே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

கொலாஜன்

தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு வலுவூட்டும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு அன்று தெளிவாகவில்லை என்பதைச் சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால் சுட்டிக் காட்டினார். காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணைக் கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்சு-கதிர்ப் படங்கள் எடுத்தனர். அவர்களது முதல் கட்டுரை 1954 இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மூவிழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய திருத்தப்பட்ட வடிவம் 1955 இல் வந்தது.

இத்தொடரில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உள்ளது. புரியின் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை. பிற புரதங்களில் அரிதான ஹைட்ராக்சிபுரோலினும் மிகுதி. மரபுக்குறியில் அதற்கு இடமில்லை. தொடர் உருவான பின்னரே புரோலினிலிருந்து உயிரணு அதனை ஆக்குகிறது. அதற்கு உயிர்ச்சத்து சி தேவை.

வரைபடம்

மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரசன் பிணைப்புகள் என்றார் இராமச்சந்திரன். பிரான்சிசு கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒன்றே என்றனர். அவர் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றும் குறைகூறினர். அப்படியாயின் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? விடைதேடி வெளிவந்திருந்த படிக அமைப்புகளின் இடைத்தொலைவுகள் தொகுக்கப்பட்டன. இவ்வாறு ஒரு கண்டனத்திலிருந்தே அவருடைய தலைசிறந்த பணி பிறந்தது. வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட அவ்வரைபடம், இரு சுழற்சிக் கோணங்களைக் கொண்டு எம்மடிப்பு இயலும், எது இயலாது எனக் காட்டுகிறது. இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் இதனைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன.

வழக்கத்துக்கு மாறான அமினோ அமிலங்களுக்கும் இது பொருந்தும். டிரைக்கோடெர்மா பூஞ்சையின் அலாமெத்திசினில் காணப்படும் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலத்தை அசிட்டோனிலிருந்து எளிதாகத் தொகுக்கலாம். ஆனால் ஒரே கரியணுவில் இரு மெத்தில் தொகுதிகள் நெருக்குவதால் அதனைத் தொடரில் கோப்பது கடினம். அந்நெருக்கமே வரைபடத்தில் அதன் இடத்தைச் சுருக்கி, தொடரைச் சுருளாக்குகிறது. இத்தகைய பெப்டைடுகளைப் பெங்களூரில் பி. பலராம் குழுவினர் தொகுத்து இதனை உறுதிசெய்தனர்.

பிற்காலம்

1970 இல் சென்னையை விட்டு நீங்கிய இராமச்சந்திரன், பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். எக்சு-கதிர் நிழல்களிலிருந்து உருவத்தை மீட்டெடுக்கும் கணக்கீட்டு முறை ஒன்றை ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் 1971 இல் வெளியிட்டார். சி.டி. வருடிகளில் பின்னர் பரவலாகப் பயன்பட்ட வழிக்கு அது அடிப்படைகளுள் ஒன்று.

ஹைட்ராக்சிபுரோலின் நீர் மூலக்கூறு வழியாகப் பிணைத்துப் புரியை நிலைப்படுத்துகிறது என்று 1973 இல் உடன்பணியாற்றியோருடன் கருதுகோள் வெளியிட்டார். 1994 இல் கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பில் அத்தகைய நீர்ப்பாலங்கள் காணப்பட்டன. ஆனால் மூன்றுக்கு ஒரு நேரடிப் பிணைப்பே இருந்தது. அவ்வகையில் கிரிக்கின் எண்ணிக்கையே சரியாயிற்று. 1998 இல் ஹைட்ராக்சிலுக்குப் பதில் புளோரின் ஏற்றிய புரோலினைக் கோத்துப் பார்த்தபோது, நீர்ப்பாலம் அமைக்க இயலாத அப்பெப்டைடே மேலும் உறுதியாக இருந்தது. ஆகவே உறுதிக்கு நீர்ப்பாலம் மட்டுமே காரணம் அன்று.

1961 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1977 இல் இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதியும், 1999 இல் எவால்டு பரிசும் பெற்றார். இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோயால் நலிந்திருந்தார். மனைவி இராஜலட்சுமி 1998 இல் காலமானார். இராமச்சந்திரன் சென்னையில் மறைந்தார்.